சத்தம் போட்டால் கேக் அமுங்கிவிடும்

கேக் வேகும்போது சத்தம் போடக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். பேசக் கூடாது, ஓடக் கூடாது, சமையலறைக் கதவைத் திறக்கவே கூடாது. மீறினால் கேக் நடுவில் அமுங்கிப் பள்ளமாகிவிடும். பிள்ளைகளே, இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரிக்கலாம். உங்கள் வீட்டில் மின்சார ஓவன் இருக்கும், பக்கத்திலேயே டிவியும் அலறிக்கொண்டிருக்கும், கேக்கும் ஒழுங்காகவே வெந்து வரும். ஆனால் எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மா சொன்னால் அது சட்டம்தான்.

கோத்தகிரிக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் நாங்கள் இருந்தோம். அப்பாவுக்கு ஃபேக்டரியில் வேலை. அம்மா கொழுந்து பறிக்கப் போவாள். வேலை முடிந்து வந்ததும் இருவரும் பின்னல் ஊசியைக் கையில் எடுத்துவிடுவார்கள். ஊட்டி சீசனுக்குக் கம்பளிக் குல்லாவும் ஸ்வெட்டரும் பின்னிக் கடைகளுக்குக் கொடுப்பது எங்கள் குடும்பத்துக் கைத்தொழில். அதில் அப்பாவின் கை அம்மாவின் கையைவிட வேகம். நான் நூலை உருண்டையாகச் சுற்றுவேன். தங்கை அதைப் பிரித்து விடுவாள்.

இதற்கு நடுவில் அம்மாவுக்கு இன்னொரு ஆசை இருந்தது. கதை எழுதுவது. பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் எழுதுவாள். எங்கே எழுத விட்டோம்? விடியற்காலையில் உட்கார்ந்தால் தங்கை எழுந்துகொள்வாள். மாலையில் உட்கார்ந்தால் "ஏனுங்கக்கா, சக்கரை கொஞ்சம் இருக்குங்களா?" என்று பக்கத்து வீட்டுக்காரர் வந்து நிற்பார். இராத்திரியில் உட்கார்ந்தால் அவளே தூங்கிவிடுவாள். ஒருமுறை பின்னிக்கொண்டே கதையை யோசித்திருக்கிறாள். அந்த ஸ்வெட்டருக்கு ஒரு கை முழங்கை வரையும் இன்னொரு கை முழங்கால் வரையும் வந்துவிட்டது. அப்பா உட்கார்ந்து அத்தனையையும் பிரித்தார்.

அம்மா விடாப்பிடிக்காரி. கதையையும் அவள் விடவில்லை, பின்னலையும் விடவில்லை, கேக் சுடுவதையும் விடவில்லை.

கேக்குக்கு எங்களிடம் ஓவன் கிடையாது. கனமான குண்டாவில் மணலைக் கொட்டிச் சூடாக்கி, அதற்குள் மாவு ஊற்றிய தகர டப்பாவை வைத்து மூடி, மூடியின் மேலும் தணலைப் பரப்புவாள். அடியில் எரிப்பதற்குத் தேயிலைச் செடியைக் கவாத்து செய்தபோது கழித்த குச்சிகள். லைனில் யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் மைதாவும் முட்டையும் எங்கள் வீடு தேடி வரும். ஒரு தடவை கேக் நடுவில் குழிந்துபோனது. அன்றைக்கு நான் வாசலில் கயிறு தாண்டிக்கொண்டிருந்தேன். "நீ குதிச்ச குதியிலதான் அமுங்கிப் போச்சு" என்றாள் அம்மா. எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுத்த தடவை நான் மூச்சைக்கூட மெதுவாக விட்டேன். தங்கையை அப்பா தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். வீடே கப்சிப்.

அதைப் பார்த்த அம்மா முகத்தில் ஒரு யோசனை ஓடியது. அன்று முதல் அது சட்டமானது. மாதத்துக்கு ஒன்றாக இருந்த கேக் வாரத்துக்கு ஒன்றாகவும் ஆனது.

கேக் வேகும்போது அம்மா அடுப்பருகே பலகையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பாள். கேக்குக்குக் காவல் இருக்கிறாள், பொழுது போக எழுதுகிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.

அந்த வருடம் ஊட்டியிலிருந்து அவளை வானொலியில் கதை வாசிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். திங்கட்கிழமை போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆகியும் கதை முடியவில்லை. வர்க்கி என்கிற மொறுமொறு பிஸ்கட் சுடுகிற பேக்கரிக்குள் ஒரு கரடி நுழைந்துவிட்ட கதை. எங்கள் பக்கத்தில் கரடி உள்ளே வருவது பெரிய அதிசயமில்லை. ஆனால் அம்மாவின் கரடி வெளியே போக மாட்டேன் என்றது. ஒரு வாரமாகச் சோறு போடும்போதும் அதே பேச்சுதான்.

"பட்டாசு வெடிச்சா ஓடிரும்" என்றார் அப்பா.

"எல்லாரும் அதைத்தானுங்க எழுதுவாங்க. அதுவா நெனச்சுப் போகோணும்."

அதே ஞாயிற்றுக்கிழமைதான் மாமா தன் குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு கேக் வேண்டும் என்று குன்னூரிலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. சாயங்கால பஸ்ஸில் அவரே வந்து வாங்கிப் போவதாக ஏற்பாடு. சீசன் குல்லாக்களும் பாதியில் கிடந்தன. வேறு யாராக இருந்தாலும் கேக் முடியாது என்று சொல்லியிருப்பார்கள். அம்மா உடனே மாவைக் கலக்க உட்கார்ந்துவிட்டாள். தணலைப் பரப்பிவிட்டு என் தோளைப் பிடித்து, "இன்னிக்கு நீதான் காவல். கதவை யாரும் தொறக்கக் கூடாது. நானே வெளிய வாற வரைக்கும்" என்றாள். கதவு சாத்திக்கொண்டது. நான் அதன் முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்தேன்.

தங்கை ஒரு நூல் உருண்டையைக் கடித்துக்கொண்டே தூங்கிப்போனாள். அப்பா திண்டில் சாய்ந்து குல்லா பின்னிக்கொண்டிருந்தார். ஊசிகள் உரசிக்கொள்ளும் சத்தம் மட்டும்தான். அதற்கும் நான் அவரை ஒருமுறை முறைத்தேன். அவர் பின்னலை மடிக்குள் இறக்கிக்கொண்டார்.

அப்போதுதான் மாமா வந்தார்.

"ஏன்டா மாப்ளே, ஊட்டுல யாரும் இல்லையா? இருட்டுல உக்காந்திருக்கீங்க!"

ஓடிப்போய் அவர் வாயைப் பொத்தாத குறை. "மெதுவா மாமா. கேக் வேகுது."

"வேகட்டும். அதுக்கு நீ எதுக்குடா திருட வந்தவனாட்டம் பேசறே?"

சட்டத்தைச் சொன்னேன். மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா குல்லாவைப் பார்த்தார். மாமா செருப்பைக் கழற்றிவிட்டு நுனிக்காலில் நடந்து வந்து உட்கார்ந்து, தான் வாங்கி வந்த வர்க்கிப் பொட்டலத்தைப் பிரித்து ஒன்றைக் கடித்தார். மொறுக் என்றது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஃபிளாஸ்கில் இருந்த டீயை அவர் முன்னால் வைத்து, நனைத்துச் சாப்பிடச் சொன்னேன்.

"நனைச்சே சாப்புட்ருங்க" என்றார் அப்பா மெதுவாக. "பையன் ரொம்பக் கண்டிப்பு."

மாமா வர்க்கியை நனைத்து நனைத்துச் சத்தமில்லாமல் விழுங்கினார். வெளியே மேகம் இறங்கி வாசலை மூடியது.

முதலில் எசன்ஸ் வாசம் வந்தது. பிறகு சர்க்கரை சிவக்கும் வாசம். நல்ல வாசம்தான். கொஞ்ச நேரத்தில் அந்த வாசம் மாறியது. மாமா மூக்கை உறிஞ்சினார். கதவின் கீழ் இடுக்கிலிருந்து மெல்லிசாகப் புகை எட்டிப் பார்த்தது.

"மச்சான், தீயற வாசம் வருதுங்க."

"தெரியுது" என்றார் அப்பா.

"அக்காவைக் கூப்புட வேண்டாமுங்களா?"

அப்பா ஊசியை நிறுத்தினார். கதவைப் பார்த்தார். "அவளா வரட்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசையைத் தொடங்கினார்.

என் பாடு பெரும்பாடு. கூப்பிட்டால் கேக் அமுங்கும், கூப்பிடாவிட்டால் கருகும். ஆனால் அம்மா உள்ளேதான் இருக்கிறாள். அடுப்புக்கு ஒரு முழ தூரத்தில் இருப்பவளுக்குத் தெரியாத வாசமா நமக்குத் தெரிந்துவிட்டது? இது கேக் சுடுவதில் ஏதோ ஒரு கட்டமாக இருக்கும் என்று முடிவு செய்தேன். மாமா எழுந்து வந்தபோது கதவில் முதுகை ஒட்டி இரண்டு கைகளையும் விரித்து நின்றேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. புகையாலா அழுகையாலா என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் நகரவில்லை.

"விடுடா மாப்ளே, பாப்பாவோட கேக்குடா" என்று மாமா கிசுகிசுப்பாகவே கெஞ்சினார். அந்த நேரத்திலும் அவர் சட்டத்தை மீறவில்லை.

எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ. பின்னால் கதவு திறந்து, நான் மல்லாக்க அம்மாவின் காலில் விழுந்தேன். புகைக்கு நடுவே காலண்டர் தாள்களை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். நெற்றியெல்லாம் கரி. அப்பாவைத்தான் முதலில் பார்த்தாள்.

"முடிஞ்சிருச்சுங்க" என்றாள்.

"அது தெரியுதுக்கா. வாசல் வரைக்கும் வாசம் வருது" என்றார் மாமா.

அப்பா குல்லாவைக் கீழே வைத்துவிட்டார். வரிசையின் நடுவில் அவர் பின்னலைக் கீழே வைத்து நான் பார்த்ததே இல்லை. "முடிஞ்சிருச்சா?" என்று எழுந்து நின்று கேட்டார்.

"முடிஞ்சிருச்சு."

இருவரும் சிரித்தார்கள். மாமா புரியாமல் என்னைப் பார்த்தார். நான் புரியாமல் மாமாவைப் பார்த்தேன். டப்பாவைக் கவிழ்த்தால் அடுப்புக்கரி மாதிரி ஒன்று விழுந்தது. அதைப் பார்த்து அம்மா இன்னும் சிரித்தாள். பிறகு கத்தியை எடுத்து நான்கு பக்கமும் கருகலைச் செதுக்கினாள். உள்ளே மஞ்சளாக, மெத்தென்று ஒரு குட்டி கேக் இருந்தது.

"பரவாயில்லக்கா. பாப்பாவும் சின்னதுதானே" என்று மாமா அதை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

எனக்கு மட்டும் ஆறவில்லை. நான் காவல் இருந்தும் கேக் கருகிவிட்டதே. அப்பா அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்தார். அம்மா என்னை மடியில் இழுத்து, காவலுக்குக் கூலியாக என்ன வேண்டும் என்று கேட்டாள்.

"இன்னொரு கேக் சுடும்மா" என்றேன். "அடுத்த தடவை கருகவே விடமாட்டேன். யாரையும் மூச்சுக்கூட விட விடமாட்டேன்."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். "அடுத்த ஞாயித்துக்கெழமையே சுட்டுரலாங்களா?"

"சுடு, சுடு. குல்லாவை நான் பாத்துக்கறேன்" என்றார் அப்பா.

தோற்றுப்போன கேக்கை ஜெயித்துக் காட்டத்தான் இத்தனை அவசரம் என்று நினைத்துக்கொண்டேன். அம்மாவுக்கு கேக் மேல் இவ்வளவு ஆசையா என்று ஆச்சரியமாகவும் இருந்தது.