தொட்டிப்பாலத்தில் என் கல்யாண ஊர்வலம்

என் அப்பா கொத்தனார்களை வைத்து வேலை வாங்கும் மேஸ்திரி. கை சுத்தம், ஆனால் வாய் மட்டும் அடங்காது. அந்த வாயால் என் கல்யாணமே நிற்கப் பார்த்தது.

தேவதானத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ராஜபாளையம் போகிற வழியில் ஓர் ஓடை. அதன் குறுக்கே அப்பா சிமெண்டில் தரைப்பாலம் கட்டியிருந்தார். கூப்பிடு தூரத்தில் பழைய தொட்டிப்பாலம் ஒன்று உண்டு. மேலே கல்தொட்டியில் கண்மாய்த் தண்ணீர் அக்கரை வயல்களுக்குப் போகும். கீழே கல் வளைவுகளுக்குள் ஓடை போகும். யார் கட்டியது, எப்போது கட்டியது என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

அதில் ஓரிடத்தில் தண்ணீர் கசிந்தது. அக்கரையில் வயல் வைத்து வெள்ளாமை செய்த சம்சாரி ஒருவர், அதை அடைத்துத் தரச் சொல்லி அப்பாவிடம் வந்தார்.

"இடியப் போறதுக்கு எதுக்குய்யா பூச்சு? அடுத்த வெள்ளத்துக்கு நிக்காது," என்றார் அப்பா.

"ஒம்ம பாலம் எம்புட்டு நாள் நிக்குன்னு நானும் பாக்கேன்," என்று சொல்லிவிட்டுப் போனவர்தான். அதற்குப் பிறகு மூன்று வருஷம், எதிரெதிரே வந்தாலும் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

என் கல்யாணம் ராஜபாளையத்து வேதக்கோயிலில், ஒரு சனிக்கிழமை மாலை. மறுநாள் அட்வெந்து காலம் தொடங்குகிற ஞாயிறு. அதன்பின் கிறிஸ்துமஸ் முடிகிற வரை எங்கள் சபையில் கல்யாணம் கிடையாது. மாப்பிள்ளையோ பத்து நாளில் ரங்கூன் வேலைக்குத் திரும்ப வேண்டியவர். அடுத்த லீவு மூன்று வருஷம் கழித்துத்தான். போதாததற்கு, ஏழு மணிக்கு மேல் தாலி கட்டக் கூடாது என்று சர்க்கார் சட்டம் வேறு. அவரை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தேன். எனக்கு அது போதும். வேறொருவரைக் கட்டிக்கொள்ள மனசே இல்லை.

நானும் அப்பாவும் சித்திமாரும் நாலு மணிக்கு ஓடைக்கு நடந்து வந்தோம். எங்கள் பக்கம் ஒரு தூறல் இல்லை. மலையில் மட்டும் கொட்டித் தீர்த்திருக்கிறது. ஓடை நிறையச் செந்தண்ணீர். தரைப்பாலத்தின் நடுப்பகுதியைக் காணோம். எங்களை அழைத்துப் போக வந்த மாப்பிள்ளை வீட்டு வண்டிகள் அக்கரையில் நின்றன. அங்கிருந்து இன்னும் இரண்டு மணி நேரம் போக வேண்டும். அப்பா கரையில் இறங்கி, தான் கட்டியதைப் பார்த்தபடியே நின்றார். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் எனக்கு ஆத்திரம்.

"தொட்டிப்பாலம் வழியாப் போவோம்," என்றேன்.

அதில் இடுப்பளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அடியெல்லாம் பாசி. மடையை அடைத்தால்தான் நடக்க முடியும். அன்றைக்குத் தண்ணீர் முறை யாருக்கு? அந்தச் சம்சாரிக்கு! கண்மாயில் தண்ணீர் குறைவு. எட்டு நாள் காத்திருந்து கிடைத்த முறை. வயலில் நாற்று வாடிக்கொண்டிருந்தது. மண்வெட்டியோடு மடையருகிலேயே உட்கார்ந்திருந்தார்.

கல்யாணச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போய் நானே கேட்டேன்.

"நீ கேட்டு என்ன தாயி? ஒங்கப்பாவ வந்து கேக்கச் சொல்லு."

அப்பா வந்தார். புதுச் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். அதையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது.

"வாயத் தொறங்கப்பா! ஊரெல்லாம் பேசுத வாயி இப்ப எங்க போச்சு?" என்று கத்தியே விட்டேன்.

"அன்னைக்கு அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாதுய்யா," என்றார் அப்பா, மெதுவாக. "அது நல்ல பாலம். எம் புள்ளய அக்கரையில கொண்டு விட்டுரும்."

"இத அன்னைக்கே சொன்னா என்னவாம்?" என்று முனகிக்கொண்டே சம்சாரி எழுந்து மடையில் பலகையை இறக்கினார்.

தண்ணீர் வடிந்ததும் அவரே முன்னால் இறங்கி, மண்வெட்டியால் பாசியைச் சுரண்டிக்கொண்டே நடந்தார். அவர் பின்னால் நான், எனக்குப் பின்னால் அப்பா, அப்புறம் சித்திமார் ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி. கீழே வெள்ளம் வளைவுகளில் மோதுகிற சத்தம் காதை அடைத்தது. காலடியில் கல் இம்மியும் அசையவில்லை. கசிகிற இடம் வந்தபோது சம்சாரி தாண்டிவிட்டார். அப்பா மட்டும் குனிந்து விரலால் தடவிப் பார்த்தார்.

குருவானவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே தாலியை எடுத்துக் கொடுத்தபோது ஏழாகப் பத்து நிமிஷம் இருந்தது. என் சேலைக் கரையெல்லாம் பச்சைப் பாசி. மாப்பிள்ளை அதைப் பார்த்துச் சிரித்தார். அப்பாடா என்று இருந்தது எனக்கு.

ரங்கூனுக்குப் புறப்படுமுன் இருவரும் ஊருக்குப் போனோம். ஓடையில் அப்போது முழங்கால் தண்ணீர்தான். தொட்டிக்குள் அப்பா மண்டி போட்டு உட்கார்ந்து, கசிகிற இடத்தில் சுண்ணாம்புக் காரை பூசிக்கொண்டிருந்தார். சிமெண்டு சிமெண்டு என்று உயிரை விடுகிற மனுஷன்! பக்கத்தில் சம்சாரி காரைச் சட்டியை நகர்த்திக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. "இடியப் போறதுக்கு எதுக்குப்பா பூச்சு?" என்று கேட்டேன்.

அப்பா நிமிரவே இல்லை. "ஏட்டி, ஒம் மக கல்யாணத்துக்கு வேணும்லா?" என்றார்.