மீதிப் பொட்டலத்தில் என்ன பூ

எங்கள் குடும்பம் அம்மனிடம் பூக் கேட்ட நாட்களுக்கென்று என்னிடம் தனி நோட்டு ஒன்று இருக்கிறது. மழைக்கு ஒரு நோட்டு, மின்வெட்டுக்கு ஒரு நோட்டு, படித்த புத்தகங்களுக்கு ஒரு நோட்டு என்று வேறு சிலவும் உண்டு. காப்பி எஸ்டேட்டில் ரைட்டர் வேலை எனக்கு. காலையில் ஆள் பெயர் போடுவதும் மழையளவு குறிப்பதும் தொழில். வீட்டுக்கு வந்த பிறகும் கை நிற்பதில்லை.

பூக் கேட்பதென்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நந்தியாவட்டைப் பூ ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம், இரண்டையும் வாழையிலைத் துண்டில் ஒரே அளவாகக் கட்ட வேண்டும். எங்கள் பக்கத்துக் கோயிலில் வீட்டிலேயே கட்டிக்கொண்டு போவதுதான் வழக்கம். அம்மன் காலடியில் வைத்து, கேள்வியைச் சொல்லி, விவரம் அறியாத குழந்தை ஒன்றை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சரி. சிவப்பு வந்தால் வேண்டாம். கிணறு வெட்ட, பெண் கொடுக்க, ஜீப் வாங்க, எல்லாவற்றுக்கும் இதுதான். நம்பாதே என்று புத்தகங்களும் நம்பு என்று மனைவியும் சொல்வதால் நான் குறித்துவைப்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

நோட்டில் ஆறு கட்டங்கள் இருந்தன: தேதி, கேள்வி, கட்டியவர், எடுத்த குழந்தை, வந்த பூ, பின்னர் நடந்தது. ‘மீதிப் பொட்டலம்’ என்ற ஏழாவது கட்டத்தைச் சென்ற அக்டோபரில் சேர்த்தேன். சேர்க்காமல் இருந்திருக்கலாம்.

என் மகள் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. காப்பிச் செடியின் தண்டைத் துளைக்கும் வண்டின் மேல் அவளுக்கு ஏழாம் வகுப்பிலிருந்தே பிரியம். எஸ்டேட்டே அந்த வண்டை ஒழிக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தபோது அவள் மட்டும் செருப்பு வாங்கிய அட்டைப் பெட்டியில் அதை வளர்த்தாள். பூச்சிகளைப் பற்றிப் படிக்க அமெரிக்காவில் நல்ல பல்கலைக்கழகங்கள் உண்டு, தேர்வானால் முழு உதவித்தொகையே தருவார்கள், ஆனால் நூறு பேர் கேட்டால் ஓரிருவரைத்தான் எடுப்பார்கள் என்று அவளுடைய பள்ளி ஆசிரியை சொன்னார். அன்று முதல் எங்கள் வீடு விண்ணப்ப அலுவலகம் ஆனது.

அந்தப் பல்கலைக்கழகங்களுக்குச் சமூக சேவை பிடிக்கும் என்ற செய்தி ஏற்காடு முழுக்கப் பரவியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் மகள் மரம் நடுவதைப் படம் எடுக்கப் போனோம். எங்களுக்கு முன்னால் நான்கு குடும்பங்கள் வரிசையில் நின்றன. நாற்று ஒன்றுதான், சில்வர் ஓக். ஒரு பிள்ளை நட்டுப் படம் எடுத்ததும் அடுத்த பிள்ளை அதைப் பிடுங்கி அதே குழியில் நட்டது. எங்கள் முறை வந்தபோது நாற்று தலை தொங்கிவிட்டது. “அப்பா, இது ஏற்கெனவே செத்துப்போச்சுங்க” என்றாள் மகள். மரம் நட்டதாக அவள் விண்ணப்பத்தில் எழுதவில்லை. காலை 10.40க்கு ஐந்தாம் முறையாக நடப்பட்டது என்று நான் குறித்துக்கொண்டேன்.

கட்டுரை ஒன்றும் கேட்டிருந்தார்கள், தன்னைப் பற்றி. ‘நான் பிறந்த அன்று மலையை மூடுபனி சூழ்ந்திருந்தது’ என்று ஆரம்பித்திருந்தாள். மழை நோட்டை எடுத்துப் பார்த்தேன்.

“கண்ணு, அன்னிக்கு நல்ல வெயில். துணியெல்லாம் மத்தியானத்துக்குள்ள காஞ்சிருக்குது.”

“அப்பா, இது கட்டுரைங்க.”

“இருக்கட்டும். ஆனா வெயில் அடிச்சுதே.”

மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் வண்டைப் பற்றிப் புதிதாக எழுதினாள். அதில் நான் சரிபார்க்க எதுவும் இல்லாததால் அது நன்றாக வந்தது.

உண்மையான சிக்கல் வேறு. நவம்பர் முதல் தேதிக்குள் ஒரே ஒரு பல்கலைக்கழகத்துக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். இடம் கிடைக்கும் வாய்ப்பு அதில் கொஞ்சம் அதிகம். ஆனால் எடுத்துக்கொண்டால் அங்கேதான் போக வேண்டும், பேச்சு மாறக் கூடாது. கிட்டத்தட்ட நிச்சயதார்த்தம். மகள் விரும்பியது பூச்சி ஆய்வுக்கூடம் உள்ள ஓர் இடம். வலைத்தளத்தில் பெரிய பாறைகளாகத் தெரிந்ததால் வீட்டில் அதற்குப் பாறை ஊர் என்று பெயர். மனைவி விரும்பியது ஏரி ஊர். அங்கே ஏரி இருந்தது. தவிர, அவளுடைய அத்தையின் மருமகன் அந்தப் பக்கம் இருந்தார். வரைபடத்தில் அளந்தேன். ஏரி ஊரிலிருந்து அவர் வீட்டுக்குக் காரில் ஒன்பது மணி நேரம்.

“ஒம்போது மணி நேரம்னா என்னங்க? ராத்திரி பஸ் ஏறுனா காத்தால வந்துருவாங்கல்ல” என்றாள்.

இரண்டு ஊர்களையும் ஒப்பிட்டு முப்பத்திரண்டு கட்டங்களுடன் ஒரு பட்டியல் போட்டேன். மொத்த மதிப்பெண் சமமாக வந்தது. மறுபடி கூட்டினேன். அப்போதும் சமம். “பூக் கேட்டுரலாங்க” என்றாள் மனைவி. மகளும் சரி என்றதுதான் எனக்கு ஆச்சரியம். அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

இரண்டு கேள்விகள், நான்கு பொட்டலங்கள். யார் கட்டுவது? இங்கே நான் ஒரு விதி செய்தேன். ஒருவர் தனக்குப் பிடித்த ஊருக்குத் தானே கட்டினால் இரண்டிலும் வெள்ளையை வைத்துவிட ஆசை வரலாம். ஆகவே ஏரி ஊருக்கான ஜோடியை மகள் கட்டட்டும், பாறை ஊருக்கான ஜோடியை மனைவி கட்டட்டும் என்றேன். மிகவும் நியாயமான ஏற்பாடு என்று அன்று இரவு திருப்தியோடு தூங்கினேன்.

அக்டோபர் 28, செவ்வாய். வாழவந்திப் பாதையில் உள்ள அம்மன் கோயிலுக்குப் பக்கத்து வீட்டு ஜீப்பில் போனோம். பூ எடுக்க ஜீப்காரரின் மூன்று வயது மகளும் வந்தாள். மெல்லிய தூறல், அளக்கிற அளவுக்கு இல்லை.

பூசாரி கேள்வியைக் கேட்டுக்கொண்டு தலையைச் சொறிந்தார். “ஏனுங்க ரைட்டரே, மொட்டையா ஏரி ஊருன்னா ஆத்தாளுக்கு எப்படிங்க வெளங்கும்? நம்ம ஏரின்னு நெனச்சுக்குவா. வெலாசத்த வெவரமாச் சொல்லுங்க.”

எனக்கும் அது சரியாகவே பட்டது. பையிலிருந்த தாளை எடுத்து அம்மன் முன்னால் நின்று வாசித்தேன். கட்டட எண், தெரு, ஊர், மாநிலம், அஞ்சல் குறியீடு, நாடு. குறியீட்டில் ஓர் எண்ணைத் தவறாகச் சொல்லிவிட்டுத் திரும்பவும் சொன்னேன். பூசாரி மணி அடித்தார்.

“கடைசித் தேதியுஞ் சொல்லிருங்க” என்றார் ஜீப்காரர் பின்னாலிருந்து. அதையும் சொன்னேன்.

குழந்தை ஒரு பொட்டலத்தை எடுத்தாள். செவ்வரளி. மனைவியின் முகம் சுருங்கியது. மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்தது பாறை ஊர். மறுபடி விலாசம், மறுபடி மணி. குழந்தை எடுத்தாள். செவ்வரளி. இப்போது மகளின் முகம் சுருங்கியது, மனைவி தரையைப் பார்த்தாள்.

பூசாரி இரண்டு கையையும் விரித்தார். “ரெண்டு ஊரும் வேண்டாங்கறாளுங்க. மூணாவதா எதாச்சும் ஊரு வெச்சிருக்கறீங்களா?”

“சேலத்துலயே நொம்ப நல்ல காலேஜெல்லாம் இருக்குதுங்க” என்றார் ஜீப்காரர். “குப்பனூர் வழியா எறங்குனா ஒரு மணி நேரம். நானே கொண்டுபோயி உட்டுருவேன். அமெரிக்காவுக்கு ஜீப்பு போவுங்களா?”

எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிப்பதில்லை. அரளிச் செடியின் அடியில் போட்டுவிட்டுப் போவார்கள். எனக்கு மட்டும் அன்று, குறிப்பு முழுமையாக இருக்கட்டும் என்று தோன்றிவிட்டது. மற்றவர்கள் ஜீப்புக்குப் போனதும் செடிக்கடியில் கிடந்த இரண்டையும் எடுத்துப் பிரித்தேன்.

இரண்டிலும் செவ்வரளி.

வீட்டுக்கு வரும்வரை ஒன்றும் சொல்லவில்லை. வந்ததும் இரண்டையும் சாப்பாட்டு மேசையில் வைத்தேன்.

“நீயும் சிவப்பேதான் வெச்சியா?” என்றாள் மனைவி மகளிடம்.

“நீ வெச்சயில்ல?”

“நான் பெத்தவ, நான் வெப்பேன்.”

பிறகு இருவரும் சேர்ந்து என் பக்கம் திரும்பினார்கள். “ஏனுங்க, மீதிப் பொட்டலத்த எவனாச்சும் பிரிப்பானுங்களா? உலகத்துல எந்த ஊட்டுலயாச்சும் உண்டா?” என்றாள் மனைவி.

“நான் போறது அவ்வளவு வேண்டாம்னா ஏரி ஊரு மட்டும் எதுக்கும்மா?” என்றாள் மகள்.

“ஏரி ஊரும் எனக்கு வேண்டாம். அது கொஞ்சம் கிட்டக்க இருக்குதேன்னு சொன்னேன்.”

“எதுக்குக் கிட்டக்க?”

மனைவி இலையில் ஒட்டியிருந்த பூவை எடுத்துப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “நீ போயிட்டா இந்த ஊட்டுல எங்கூடப் பேசறதுக்கு யாரு இருக்கறா சாமி? நான் பேசுனா உங்கப்பா நோட்டுல எழுதிக்குவாரு.”

நான் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தேன்.

“நீ சரின்னு சொல்லாம நான் போடமாட்டேன்” என்றாள் மகள். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் பயமாக இருந்தது. ஆறு வருடம் வண்டு வளர்த்தவள் இதையும் அதே பொறுமையோடு கைவிட்டுவிடுவாள்.

மறுபடி பூக் கேட்கலாமா என்று பூசாரிக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். நீண்ட நேரம் சிரித்துவிட்டு, ஒரு மண்டலம் கழியாமல் அதே கேள்வியைக் கேட்கக் கூடாது என்றார். நாற்பத்தெட்டு நாள். எண்ணிப் பார்த்தேன், டிசம்பர் 14. கடைசித் தேதிக்கு இருந்தது நான்கு நாள்.

இந்தச் செய்தியை மனைவியிடம் சொல்ல ஒரு நாள் எடுத்துக்கொண்டேன். அவள் இரண்டு நாள் எடுத்துக்கொண்டாள். நவம்பர் முதல் தேதி சனிக்கிழமை காலை இட்லித் தட்டை வைத்துக்கொண்டே சொன்னாள்: “பாறை ஊருக்கே போடு. நான் சரின்னு சொல்லிட்டேன்னு மட்டும் நெனச்சுக்காத. ஆத்தா இன்னும் சொல்லல.”

“அப்பறம் எதுக்குப் போடறது?”

“தேதி போயிருமில்ல.”

ராகுகாலம் பத்தரைக்கு முடிந்தது. வீட்டில் இணையம் வரும் ஒரே இடம் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி ஓரம். மூவரும் ஏறினோம். நான் குடை பிடித்தேன். மகள் லேப்டாப்பைத் தொட்டிமேல் வைத்தாள். மனைவி தட்டில் சூடம் ஏற்றி லேப்டாப்பை மூன்று சுற்றுச் சுற்றினாள். காற்றில் சூடம் இரண்டு முறை அணைந்தது. அணையும்போதெல்லாம் பக்கத்து மாடியிலிருந்து ஜீப்காரர், “இந்தாங்க” என்று தீப்பெட்டியை வீசினார். 10.52க்கு மகள் பொத்தானை அழுத்தினாள். மனைவி அந்த நேரம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதில் டிசம்பர் 13 விடியற்காலை வந்தது. நாற்பத்தேழாவது நாள். மண்டலம் முடிய இன்னும் ஒரு நாள். மகள் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். இடம் இல்லை என்றும் சொல்லவில்லையாம், உண்டு என்றும் சொல்லவில்லையாம். விண்ணப்பத்தைத் தள்ளிவைத்திருக்கிறார்கள், மார்ச் மாதம் மற்றவர்களோடு சேர்த்து மறுபடி பார்ப்பார்களாம். நோட்டில் இதற்கு நிறம் இல்லை.

மனைவி நிம்மதியடைவாள் என்று எதிர்பார்த்தேன். கரண்டியைக் கீழே வைத்தாள்.

“யோசிச்சுச் சொல்றேங்கறாங்களா? நம்ம புள்ளையவா?”

“ஆமாம்மா.”

“அதுல யோசிக்கறதுக்கு என்ன இருக்குது? ஏனுங்க, அவுங்களுக்கு ஒரு லெட்டர் எழுதுங்க. இந்தப் புள்ள புழுவுக்குக் காய்ச்சல்னா தான் சோறு திங்கமாட்டான்னு எழுதுங்க. மார்ச் வரைக்கும் காத்திருக்க நாங்க என்ன அவுங்க ஊட்டு வேலைக்காரங்களா? சூடம் காட்டிப் போட்ட விண்ணப்பம்!”

“புழுவுக்குக் காய்ச்சல் வராதும்மா.”

“எழுதட்டும், நீ சும்மா இரு.”

அன்று பகல் முழுக்கப் பாறை ஊரைத் திட்டினாள். அத்தை மருமகனுக்குப் போன் செய்து, அங்கே யாரையாவது தெரியுமா என்று விசாரித்தாள். அவர் அங்கிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்பது அவளைத் தடுக்கவில்லை. ஜீப்காரர் ஆறுதலாக, “உடுங்கக்கா, சேலம் காலேஜு இருக்குது” என்றபோது, “சேலத்துக்கு உங்க புள்ளைய அனுப்புங்க” என்றாள். அவருடைய பிள்ளைக்கு மூன்று வயது.

செவ்வாய்க்கிழமை, டிசம்பர் 16, நான் எஸ்டேட்டிலிருந்து திரும்பியபோது மனைவி வீட்டில் இல்லை. தனியாக வாழவந்தி பஸ்ஸில் போயிருந்தாள். ஐந்து மணிக்கு வந்தாள். கையில் நந்தியாவட்டைப் பூ. நேராக மகளிடம் போய் அவள் தலையில் வைத்தாள்.

“ஆத்தா சொல்லிட்டா. போயிட்டு வா.”

மகள் பூவைத் தொட்டுப் பார்த்தாள். அம்மாவைக் கட்டிக்கொண்டாள். இருவரும் அப்படியே நின்றார்கள். அப்புறம் அடுக்களைக்குள் போய் எனக்குக் கேட்காத குரலில் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு காத்திருந்தேன். மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

“கட்டுனது யாரு?”

“நாந்தானுங்க.”

“வந்த பூ வெள்ளை. மீதிப் பொட்டலம்?”

“செடிக்கடில போட்டுட்டு வந்தேன். வேணும்னா போயிப் பிரிச்சுப் பாருங்க” என்று சொல்லிவிட்டு என்னையே பார்த்தாள்.

ஆறரைக்குக் கடைசி பஸ் உண்டு. கோயில் இருபது நிமிடத் தூரம். காப்பியைக் குடித்து முடித்தேன்.

மார்ச் கடைசியில் பாறை ஊரிலிருந்து மறுபடி பதில் வந்தது. ‘பின்னர் நடந்தது’ என்ற கட்டத்தில் எழுதியிருக்கிறேன்: இடம் கிடைத்தது, முழு உதவித்தொகையுடன், ஆகஸ்டில் புறப்படுகிறாள். அந்த வரிசையில் ஏழாவது கட்டம் மட்டும் காலி.