மூன்றாவது அலை உடையும் இடம்

போர்க்காலத்தில் சாந்தோம் கரையில் உட்கார்ந்து கடலை வரைந்த ஆள் நான் ஒருவன்தான் இருப்பேன். ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று மயிலாப்பூரில் பாதித் தெரு வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊரைவிட்டே போயிருந்தது. நான் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். கடலைப் பெரிய வண்ணப் படமாக ஒரு தடவையாவது தீட்டிவிட வேண்டும் என்பது சின்ன வயதிலிருந்து என்னைப் பிடித்த பைத்தியம். அதற்காகத் தினமும் விடிந்ததும் போய்ப் பென்சிலால் முன்வரைவு போடுவேன். அலைகள் உடைகிற வரிசைக்கு எண் போட்டு, எங்கே என்ன நிறம் என்பதற்கு ஓர் எழுத்தும் குறித்துவைப்பேன். கண்ணில் படாத ஒரு கோட்டைக்கூடப் போடமாட்டேன். அதில் எனக்குத் திமிரே உண்டு.

எனக்குப் பின்னால் பத்தடி தள்ளிக் குப்பத்து மீனவர் ஒருவர் வலையைப் பிரித்துக்கொண்டு உட்காருவார். பேசமாட்டார். நான் இடம் மாறினால் இரண்டு நாளில் அவரும் மாறுவார். கரை இத்தனை நீளம் கிடக்க, என் முதுகுக்குப் பின்னால் இவருக்கு என்ன வேலை? போலீசுக்குத் துப்புச் சொல்கிறவர் என்று முடிவு கட்டினேன். அவர் இருமினால்கூட நோட்டை மூடிவிடுவேன். பால்காரர் மேலும் எனக்குச் சந்தேகம்தான், ஆனால் இந்த அளவுக்கு இல்லை.

நினைத்தபடியே ஒரு காலையில் கான்ஸ்டபிள் வந்து நோட்டோடு என்னை ஸ்டேஷனுக்கு அழைத்துப்போனார். சாட்சிக்கென்று அந்த மீனவரையும் கூட்டிக்கொண்டார். துப்புச் சொன்ன ஆள் யாரென்று இப்போது தெரிந்துவிட்டதே என்று உள்ளுக்குள் பொருமினேன்.

சப்-இன்ஸ்பெக்டர் நோட்டைப் புரட்டினார். இந்த எண் என்ன, எழுத்து என்ன, எதிரிக் கப்பலுக்கு வழி காட்டுகிறாயா என்று கேட்டார். இது முதல் அலை, இது இரண்டாவது, இது மூன்றாவது என்று விரல் வைத்துக் காட்டினேன். ஓவியன் என்றால் என் முகத்தை வரை பார்ப்போம் என்று பென்சிலை நீட்டினார். எனக்கு முகம் வராது. நான் வரைந்ததைப் பார்த்து கான்ஸ்டபிள் வாயைப் பொத்திக்கொண்டார். சப்-இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. ஜெயில்தான், வாத்தியார் வேலையும் அதோடு சரி என்றார். வீட்டில் மனைவி, இரண்டு பெண்கள் இருக்கிறார்கள் என்று கெஞ்சினேன்.

பிறகு அவர் நோட்டை மீனவரிடம் தள்ளி, இதை வைத்துக்கொண்டு ஒருவன் படகைக் கரைக்குக் கொண்டுவர முடியுமா என்று கேட்டார். மீனவர் வெகுநேரம் பார்த்தார்.

"மூணாவது அலை அங்க எங்க சாமி ஒடையுது? எல்லாம் தப்பா கீது. இத நம்பி வந்தான்னா கவுந்துதான் போவான்."

தப்பா? என் அலையா? சரியாகத்தான் போட்டிருக்கிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேவிட்டேன். நல்ல வேளை, மூடிக்கொண்டேன். உருப்படாத படத்துக்கு இத்தனை விசாரணையா என்பதுபோல் சப்-இன்ஸ்பெக்டர் நோட்டை என் பக்கம் வீசி, கரைப் பக்கம் இனித் தலைகாட்டாதே என்று அனுப்பிவிட்டார்.

வெளியே வந்ததும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. துப்பும் சொல்லிவிட்டு, என் கோட்டையும் குறை சொல்கிறாரே இந்த மனுஷர்! தெருவிலேயே அவரை மறித்து, எந்த இடம் தப்பு, காட்டுங்கள் என்று நோட்டை விரித்தேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"தப்பு, சரி எனக்கு இன்னா தெரியும் நைனா? இதுல எது கடலு, எது மணலுன்னே புரியல. தெனமும் உன் நெழல்ல குந்திகினு வலை பிரிக்கிறவன் நானு. புள்ளகுட்டிக்காரனாச்சே, உள்ள போட்டுடப் போறாங்கன்னு சொல்லி வெச்சேன்."

நடுத்தெருவில் நின்று அழுதேன். என்னைக் காப்பாற்றிய மனுஷரை இத்தனை நாள் சந்தேகப்பட்டதற்காகப் பாதி. இருபது வருஷமாக நான் வரைந்த கடலை, கடலிலேயே பிழைக்கிற ஒருவருக்கு அடையாளம் தெரியவில்லையே என்பதற்காகப் பாதி. உண்மையைச் சொன்னால், இரண்டாவது பாதிதான் பெரியது.