கஸ்தூரி அக்கா போட்ட திருப்பதி ரூட்டு

கஸ்தூரி அக்கா காலமானது காலை ஏழு மணிக்கு. எனக்குச் செய்தி தெரிந்தது மதியம் இரண்டே முக்காலுக்கு, ஷிஃப்ட் முடிந்து லாக்கரிலிருந்து போனை எடுத்தபோது. ஒன்பது மணிக்கே சூப்பர்வைசருக்குத் தெரியுமாம். "இப்ப சொன்னா லேடீஸ் அழுவாங்க, லைன் நின்னுடும், பெல் அடிச்சதும் சொல்லிக்கலாம்" என்று ஆபீசில் பேசி வைத்திருக்கிறார்கள். பன்னிரண்டு வருஷம் அந்த லைனில் நின்றவர். அவர் செத்த அன்றைக்கு நாங்கள் டார்கெட்டைத் தாண்டி எடுத்திருக்கிறோம்.

"நீங்க பழகினவங்க, அவங்களப் பத்தி ஒரு பக்கம் எழுதிக் குடுங்க ரோஸி, நோட்டீஸ் போர்டுல ஒட்டலாம்" என்று ஆபீசில் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன். முக்கால்வாசியை அடித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். கடின உழைப்பாளி, சிரித்த முகம் என்று இரண்டு வரி மிஞ்சியது. அதை அவர்களே ஒட்டிக்கொள்ளட்டும். இது அவர்கள் அடித்துப் போட்டதும், அதற்குப் பிறகு நடந்ததும்.

அவரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், காருக்குள் ஓடும் ஒயர்க்கட்டுகளைக் கட்டும் கம்பெனி எங்களுடையது. அக்காவின் ஊர் ஆரம்பாக்கம். வயது நாற்பத்து நான்கு. கணவர் முனுசாமி அண்ணன் அரிசி மில்லில் வேலை செய்கிறார். எங்கள் லைனில் இருபது பெண்கள். பாத்ரூம் போக ஒரே ஒரு கார்டு. கார்டு கழுத்தில் தொங்கினால்தான் இடத்தை விட்டு நகரலாம். ஒருத்தி ஏழு நிமிஷத்தில் திரும்பி வந்தால்தான் அடுத்தவள் போகலாம். அந்தக் கார்டு லைன் லீடர் கையில் இருக்கும். லைன் லீடர் நான்தான்.

வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் லைன் வேன் பிடித்து ஆந்திராவுக்குள் போகும். தடா, வரதய்யபாளையம், காளஹஸ்தி, திருப்பதி. டிக்கெட் கிடைத்த வருஷம் மலைக்கு மேலே, கிடைக்காத வருஷம் அடிவாரத்திலிருந்து ஒரு கும்பிடு. நான் சர்ச்சுக்குப் போகிறவள், எனக்குச் செருப்புக் காவல். முதல் வருஷம் டிரைவர் காளஹஸ்தி வரைக்கும் எங்கேயும் நிறுத்தவில்லை. நிறுத்தச் சொல்ல எல்லோருக்கும் வெட்கம். லைனில் அடக்கிப் பழகினவர்கள், வேனிலும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒருத்தி கியூவில் மயங்கி விழுந்தாள். அன்றைக்கு அக்கா என்னிடம் சொன்னார்: "சாமி வெயிட் பண்ணுவாரு ரோஸி, இது பண்ணாது. அடுத்த வருஷம் ரூட்ட நான் போடுறேன்."

போட்டார் பாருங்கள்! அடுத்த முறை வேன் கிளம்புவதற்கு ஒரு மாசம் முன்னாலேயே முனுசாமி அண்ணனைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறி, தடாவிலிருந்து திருப்பதி வரைக்கும் ஒவ்வொரு பாத்ரூமாக எட்டிப் பார்த்து, ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறார். அண்ணன் என்னிடம் தலையில் அடித்துக்கொண்டார். "ஊர்ல அவனவன் பொண்டாட்டிய கோயில் கோயிலா கூட்டிகினு போறான். நான் கக்கூசு கக்கூசா சுத்திகினு வரேன்மா. ஒரே பேஜாரு." அக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.

அவர் நோட்டில் கோயில் பெயரெல்லாம் பொடி எழுத்து, பாத்ரூம்தான் கொட்டை எழுத்து. தடா தாண்டி பெட்ரோல் பங்க்: தாழ்ப்பாள் இருக்குது, தண்ணி வருது, லைட்டு இல்ல. வரதய்யபாளையம் டிபன் கடை: இட்லி நல்லா இருக்கும், உள்ள மட்டும் போயிடாதீங்க. காளஹஸ்திக்கு முன்னால கல்யாண மண்டபம்: வாட்ச்மேன் சம்சாரத்துக்கு ஒரு முழம் பூ குடுத்தா தெறந்து உடும். வரதய்யபாளையம் தாண்டி மலை கிட்டே வர ஆரம்பித்ததும் அக்கா ஜன்னலைத் திறந்துவிட்டு, பாட்டிலை எடுத்துக் கடகடவென்று குடிப்பார். லைனில் அவர் ஒரு வாய் தண்ணீர் குடித்து நான் பார்த்ததே இல்லை. காலையில் அரை டம்ளர் டீயோடு சரி. நாங்கள் எல்லோருமே அப்படித்தான்.

இனி எழுதப்போவதை எழுதக் கை கூசுகிறது. போன வருஷம் வெளிநாட்டுப் பார்ட்டி இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த நாள். அக்கா இரண்டு முறை கார்டு கேட்டார். "பார்ட்டி உள்ள வந்துட்டாங்கக்கா, ஒரு அரை மணி பொறுத்துக்குங்க" என்றேன். அரை மணி, இரண்டு மணி ஆனது. பெல் அடித்ததும் ஓடினார். பாத்ரூம் கதவு வரைக்கும் போக முடியவில்லை. யூனிஃபாரத்தை அவரே அலசிப் பிழிந்து, ஈரத்தோடு கம்பெனி பஸ்ஸில் ஏறினார். மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனேன். "கம்முனு கெட. ஒன் கையில கார்ட குடுத்தானே, அவன கேளு. நீ இன்னா பண்ணுவ?" என்றார். அவர் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம். இன்றைக்குக் கொஞ்சம் தூங்கியிருப்பேன்.

அதற்கு முன்பே அவருக்கு அடிக்கடி நீர்க்கடுப்பு, குளிர் ஜுரம். மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்து நிற்பார். கடைசியில் இரண்டு கிட்னியும் கெட்டுப்போய், சென்னையில் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் பார்க்கப் போயிருந்தபோது டாக்டரம்மா கேட்டார்: "ஒரு நாளைக்கு எவ்ளோ தண்ணி குடிப்பீங்க?" அக்கா யோசித்துவிட்டு, "ஞாயித்துக்கெழம நல்லா குடிப்பேன் மேடம்" என்றார். டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டார். கார்டினால்தான் கிட்னி போயிற்று என்று யாரும் எழுதித் தரவில்லை. எனக்கு யாரும் எழுதித் தர வேண்டாம், நான் பக்கத்திலேயே நின்றவள்.

படுக்கையிலும் அந்த நோட்டை விடவில்லை. "இந்தத் தபா தேதிய மாத்தாதீங்க. நான் வராட்டியும் வண்டி போவணும்" என்றார். பத்து நாளில் போய்விட்டார். ஆபீசிலிருந்து ஒரு ஆளுயர மாலை வந்தது. மகா அக்கறை!

அடக்கம் முடிந்து வேலைக்குப் போன அன்றைக்குக் கார்டை லைன் பக்கத்துச் சுவரில் ஒரு ஆணியில் மாட்டினேன். "யாருக்கு வேணுமோ எடுத்துக்குங்க, வேணாட்டி எடுக்காமயும் போங்க. என்னக் கேக்காதீங்க" என்றேன். அன்றைக்கே மெமோ வந்துவிட்டது. விளக்கம் எழுதித் தர வேண்டுமாம். வேலை போனால் மயிராச்சு என்று வீரம் பேச மாட்டேன். எனக்கு இரண்டு பிள்ளைகள், பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அதை இனி என் கையால் தொடப்போவதில்லை.

போன ஞாயிறு, அக்கா சொன்ன தேதியில் வேன் கிளம்பியது. தடா தாண்டி அவர் எழுதிவைத்த பங்கில் நின்றது. நாங்கள் பத்தொன்பது பேர், கதவு ஒன்று. டிரைவர் ஹாரன் அடித்தார்.

"டைம் ஆவுது மேடம். காளஹஸ்தில கியூ பெருசாயிடும்."

"கைய எடுய்யா. இன்னொரு தபா அடிச்ச, சாவிய புடுங்கிக்குவேன்" என்று கத்தினேன். பங்கில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

எல்லோரும் போனார்கள். முகம் கழுவினார்கள், தண்ணீர் குடித்தார்கள், சிலர் மறுபடியும் போனார்கள். முக்கால் மணி நேரம் ஆனது. மேற்கே மலை லேசாகத் தெரிந்தது. நான் கதவுக்கு வெளியே நின்று அழுதேன்.

போயிட்டு வாங்க அக்கா. மெதுவாவே போங்க, அவசரமே இல்ல.