ஈரல் கழுவும் மாத்திரை

"நாக்கை நீட்டுங்கண்ணா" என்கிறார் சந்திரலேகா. கடலூரிலிருந்து சிதம்பரம் வருகிற பேருந்தில், பக்கத்து இருக்கைக்காரர் யார் எவர் என்று கேட்காமலே. அந்த மனிதரும் நீட்டுகிறார்! "வெள்ளையா படிஞ்சிருக்கு பாருங்க. ஈரல்ல அழுக்கு ஜாஸ்தி." புதுச்சத்திரம் வருவதற்குள் கைப்பையிலிருந்து டப்பா வெளியே வந்துவிடும்.

டப்பாவில் இருப்பது குளுட்டாத்தயோன் மாத்திரை. ஆள் சேர்த்து விற்கிற கம்பெனிச் சரக்கு. சந்திரலேகாவுக்குச் செல்லமாகக் 'குளூட்டா'. "நம்ம ஒடம்பே செய்யற பொருள்தாண்ணா. வயசானா கொறஞ்சி போவுது. நாம உள்ள அனுப்புறோம், அவ்ளோதான்." உடம்பு செய்வது வாஸ்தவம். ஆனால் விழுங்குவதில் பெரும்பகுதி வயிற்றிலேயே செரித்துப்போகும் என்று டாக்டர் சொன்னதை ஒருநாள் எடுத்துச் சொன்னேன். "அவுங்க மருந்து விக்கணுமில்ல, அப்படித்தான் சொல்லுவாங்க" என்றார். இவர் என்னவோ மோர் விற்கிற மாதிரி!

ஏமாற்றுக்காரி என்றால் திட்டிவிட்டுப் போய்விடலாம். இந்த அம்மாள் நம்புகிறார், அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். கணவர் ஞானசேகரன் கடலூரில் ரசாயன ஆலையில் வேலை பார்த்தவர். ஈரல் கெட்டு வீட்டோடு கிடக்கிறார். 'தானே' புயலில் மருந்துக்கடைகள் அடைத்திருந்த வாரம் டாக்டர் எழுதிய மாத்திரை நின்றது. கடை திறந்த பிறகும் சந்திரலேகா வாங்கவில்லை. "ரெண்டும் ஒண்ணா உள்ள போனா சண்ட போட்டுக்கும்ணா." குளூட்டா மட்டும் வேளை தவறாமல் போகிறது. பக்கத்து வீட்டிலிருந்து நான் கத்தாத நாளில்லை, கேட்டால்தானே! ஞானசேகரனிடம் சொன்னால், "அவ ஆசையா குடுக்கறா சார், எப்படி வேணாங்கறது?" என்கிறார். கைகால் குச்சியாகி, வயிறு மட்டும் ஊதிக்கிடக்கிறது.

இன்று கீழவீதி மண்டபத்தில் கம்பெனிக் கூட்டம். குளூட்டாவால் குணமானவர் என்று புதியவர்கள் முன்னால் ஞானசேகரனை மேடையேற்றப் போகிறார்கள். நான் போனபோது அவருக்கு இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தார் சந்திரலேகா. எனக்குப் பொறுக்கவில்லை. "கண்ணு ரெண்டும் மஞ்சளா இருக்கும்மா. நல்லா பாரு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போ."

பார்த்தார். மோவாயைப் பிடித்து, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, நன்றாகவே பார்த்தார்.

"என்னா சந்திரா?" என்றார் ஞானசேகரன்.

"ஒண்ணுமில்லீங்க."

வாசலில் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். சந்திரலேகா பீரோவைத் திறந்து ஒரு கூலிங் கிளாஸை எடுத்தார். முந்தானையால் துடைத்தார். கணவரின் முகத்தில் மாட்டி, ஓரம் வழியாகக் கண் தெரிகிறதா என்று இரண்டு பக்கமும் குனிந்து பார்த்துக்கொண்டார்.