இரண்டு நாள் பரணில் இருந்த டப்பா

எருமப்பட்டி மருதாசலக் கவுண்டர் வீட்டின் பின்புறம் நீந்திக் குளிக்க ஒரு பெரிய தொட்டி இருந்தது. மகனுக்குக் காலில் வலுவில்லை, தண்ணீரில் கையைக் காலை அடிக்கட்டும் என்று டாக்டர் சொன்னதால் 1934-இல் கட்டியது. அந்தத் தண்ணீரைக் கெடாமல் வைத்திருப்பது செங்கோடனின் வேலை.

லேசுப்பட்ட வேலையில்லை அது. வெயில் தாழ்ந்ததும் பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் ஊற்ற வேண்டும். கூடினால் பையன் கண் எரிகிறது என்பான். குறைந்தால் பாசி பிடித்துவிடும். காலையில் ஒரு கை அள்ளி மோந்தால் லேசாக மருந்து வாடை இருக்க வேண்டும். படிக்காத செங்கோடனின் மூக்கு இதில் டாக்டரையே தோற்கடிக்கும். அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்தப் பங்குனியில் பக்கத்து ஊர்களில் வாந்திபேதி பரவியது.

"ஒரு டப்பா மருந்தை எடுத்துட்டுப் போயி உங்க தெருக் கெணத்துல கலக்கிரு, செங்கோடா" என்றார் கவுண்டர்.

டப்பாவோடு வந்தவனை மனைவி அங்கம்மாள் மறித்தாள். மாரியம்மன் திருவிழாவுக்காகக் கோயில் முன்னால் வேப்பமரக் கம்பம் நட்டிருந்தார்கள்; விழா முடிகிற அன்று பிடுங்கிவிடுவார்கள். தினமும் காலையில் பெண்கள் அந்தக் கிணற்றில் சேந்தித்தான் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள்.

"மருந்து நாத்தத்தோட ஆத்தாளுக்கு ஊத்தறதுங்களா? நாளான்னைக்குக் கம்பத்தப் புடுங்கிருவாங்க. அப்பறம் போடுங்க."

இரண்டு நாள்தானே என்று டப்பாவைப் பரணில் வைத்தான். ஒரு நாள் மருந்து தப்பினால் தண்ணீர் என்னவாகும் என்று அந்தத் தெருவிலேயே தெரிந்தவன் அவன் ஒருவன்தான். தெரிந்தும் வைத்தான். பாவி மனுஷனை என்னவென்று சொல்ல!

மறுநாள் அவர்களுடைய ஒரே மகள், ஒன்பது வயது வசந்தாமணி, தன் சின்னக் குடத்தால் கம்பத்துக்கு ஊற்றிவிட்டு, மிச்சத்தைத் தாகத்துக்குக் குடித்தாள். அதற்கடுத்த நாள் விடிகாலையில் வயிற்றால் போக ஆரம்பித்தது. மத்தியானத்துக்குள் கண் உள்ளே போய்விட்டது. சாயங்காலம் கம்பம் பிடுங்கும் கொட்டுச் சத்தம் கேட்டபோது பிள்ளை உயிரோடு இல்லை.

புதைத்துவிட்டு வந்து செங்கோடன் டப்பாவை இறக்கினான். கரைத்தான், தெளியவிட்டான், கிணற்றில் ஊற்றினான். அப்போதும் அளவு தப்பவில்லை.

விடிந்ததும் அங்கம்மாள் சேந்தி வந்து அவன் முன்னால் இறக்கி வைத்தது மகளின் சின்னக் குடத்தை. அவன் ஒரு கை அள்ளி மோந்து பார்த்தான். சரியாக இருந்தது.

"இனிக் குடிக்கலாங்களா?" என்று கேட்டாள்.

குடிக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தவன், குடத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதான்.