துவக்குத் தேடிய சனிக்கிழமை

யுத்த காலத்தில் திருகோணமலையில் பிறந்து வளர்ந்த என் வயதுக்காரிக்கு வீட்டுச் சோதனை புதிதல்ல. அலுமாரியை எப்படித் திறந்து காட்டுவது, அடையாள அட்டையை எந்தக் கையில் பிடித்திருப்பது... எல்லாம் எங்களுக்கு மனப்பாடம். ஆனால் சோதனை நடந்துகொண்டிருக்கும்போது சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துச் சிரிப்பை அடக்கியது இதுதான் முதல் தடவை.

எனக்கு ஒரு வியாதி இருக்கிறது. பயம் வந்தால் சிரிப்பு வரும். பயம் கூடினால் சிரிப்பும் கூடும். என்ன செய்வது?

சம்பவம் நடந்தது கிளிவெட்டியில், என் சின்னம்மாவின் மகள் மலரின் வீட்டில். மலரின் கணவர் தவராசா. எங்களுக்குத் தவம். நெல் விதைக்கிறவர், அமைதியானவர், கோயிலில் கூட்டத்துக்குப் பின்னால் நிற்கிறவர். அத்தோடு அவர் ஒரு குற்றவாளி. நான் சொல்லவில்லை, நீதிமன்றம் சொன்னது.

வயலுக்கு வரும் பன்றிகளுக்காகத் தவம் ஒரு கட்டுத்துவக்குச் செய்தார். தண்ணீர்க் குழாயை வெட்டிச் செய்கிற நாட்டுத் துப்பாக்கி அது. பன்றி வரும் பாதையில் கட்டிவிட்டுக் குறுக்கே ஒரு கம்பி இழுத்துவிட்டால், கம்பியில் கால் பட்டதும் வெடிக்கும். கால் பன்றியுடையதா மனிதருடையதா என்று அது கேட்காது. நல்ல காலம், எந்தக் காலும் படுவதற்கு முன்னரே பொலிஸ் கண்டுபிடித்துவிட்டது. தவம் குற்றத்தை ஒப்புக்கொண்டார். சிறைத்தண்டனையை ஒத்திவைத்து, சீர்திருத்த உத்தியோகத்தர் ஒருவரின் கண்காணிப்பில் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். முக்கியமான நிபந்தனை: இனித் துவக்கு என்ற பேச்சே இருக்கக்கூடாது. இருந்தால் ஒத்திவைத்த மறியல் வாசலுக்கு வந்துவிடும்.

அந்த உத்தியோகத்தர் றிஸ்வானா. கிண்ணியா ஊர்ப் பிள்ளை. ஸ்கூட்டியில் வருவார், தவத்தை விசாரிப்பார், மலரோடு இரண்டு கதை கதைத்துவிட்டுப் போவார்.

அந்தச் சனிக்கிழமை அவர் ஸ்கூட்டியில் வரவில்லை. பொலிஸ் ஜீப்பில் வந்தார்.

நான் லிங்கநகரில் இருந்து பஸ் மாறி மாறி வந்து, அப்போதுதான் மலர் வீட்டுக் கதிரையில் சாய்ந்திருந்தேன். ஜீப்பில் இருந்து ஒரு சார்ஜன்ட் இறங்கினார். பின்னால் ஒரு கான்ஸ்டபிள். றிஸ்வானாவின் முகத்தில் வழக்கமான சிரிப்பு இல்லை.

“தவராசா, ஒரு போன் கோல் வந்திருக்கு. அந்தி நேரத்தில உங்கட வயல் பக்கம் துவக்குச் சத்தம் கேக்குதாம். ஒரு நாள் இல்ல, ஒவ்வொரு நாளுமாம்.”

தவம் அவசரமாக முற்றத்துக்கு இறங்கி வந்தார்.

“மிஸ், அது வந்து...”

“முதல்ல வீடு பார்ப்போம்” என்றார் சார்ஜன்ட். அவர் சிங்களவர். பல வருடமாக இந்தப் பக்கத்திலேயே வேலை செய்து பழகிய தமிழ். “கதை பிறகு.”

தேடத் தொடங்கினார்கள். அலுமாரி, கட்டிலின் கீழ், நெல் மூட்டைகளின் பின்னால், கூரை இடுக்கு. தவம் ஒவ்வொரு இடத்திலும் “சார், அது என்னெண்டால்...” என்று தொடங்குவார். சார்ஜன்ட் கையைக் காட்டுவார், “பிறகு.” கான்ஸ்டபிள் கோழிக்கூட்டுக்குள் கைவிட்டார். அடைக்கோழி சட்டத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை, கொத்தி அனுப்பியது. அடுத்துக் குசினி வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். அடுப்புப் புகை கண்ணில் ஏறியது.

“சும்மா குசினிதான் சார்” என்று திரும்பி வந்துவிட்டார்.

எனக்கு? பயம்... ஆகவே சிரிப்பு. சேலைத் தலைப்பு வாய்க்குள் போனது அப்போதுதான்.

எல்லா இடமும் முடிந்த பிறகு தவத்துக்கு வாய் திறக்க அனுமதி கிடைத்தது. “சார், நான் சொல்ல ஏலாது. காட்டுறன்” என்றார். உள்ளே போய், கையளவு புளூடூத் ஸ்பீக்கர் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். போனைத் தட்டினார்.

டுமீல்.

கான்ஸ்டபிள் நெல் மூட்டைகளுக்குப் பின்னால் மறைந்துவிட்டார். றிஸ்வானா இரண்டு காதையும் பொத்தினார். இன்னும் இரண்டு வெடி. அதற்குப் பிறகு எந்த அறிவிப்பும் இல்லாமல் கல்யாண வீட்டு நாதஸ்வரம் தொடங்கியது.

“துவக்குத்தான் வைக்கக்கூடாது எண்டினம். சத்தத்தைப் போனில இறக்கி வைச்சிருக்கிறன் சார். அந்தியில வயலுக்குக் கொண்டுபோய்ப் போட்டால் பன்றி வராது.”

“இந்த நாதஸ்வரம்?”

“அதுவும் அதோட சேர்ந்து வந்திட்டுது. எப்பிடி அழிக்கிறது எண்டு எனக்குத் தெரியேல்லை. ஆனால் சார்... அதுக்குத்தான் பன்றியள் இன்னும் கூடுதலா ஓடுது.”

சார்ஜன்டே சிரித்துவிட்டார். என் வாயில் இருந்து சேலைத் தலைப்பு விடுதலையானது. மூட்டைகளுக்குப் பின்னால் இருந்து கான்ஸ்டபிள் எழுந்து, எதையோ தேடிக்கொண்டிருந்தவர் போல சேர்ட்டைத் தட்டிக்கொண்டார். றிஸ்வானா நிம்மதியாக மூச்சு விட்டார். “இருந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ” என்றார் தவம். எல்லோரும் இருந்தோம்.

இந்த இடத்தில் கதை முடிந்திருக்க வேண்டும், இல்லையா?

மலர் குசினிக்குள் போனாள். அடுப்பு அணைந்து கிடந்தது. காஸ் தட்டுப்பாடு வந்த காலத்தில் விறகுக்கு மாறியவள், பிறகு திரும்பவே இல்லை. சார்ஜன்ட் தனக்குச் சீனி வேண்டாம் என்று சொல்லக் குசினி வாசலுக்கு எழுந்து போனார். போனவர் வாசலிலேயே நின்றுவிட்டார். நானும் பின்னால் போய் எட்டிப் பார்த்தேன்.

மலர் குந்தியிருந்து ஊதாங்குழலால் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். முழங்கை நீள இரும்புக் குழல். அதன் ஒரு நுனியில் இருந்து சற்றுத் தள்ளி ஒரு சின்ன ஓட்டை. அந்த ஓட்டையை ஒரு விரலால் பொத்திப் பிடித்தபடி, புல்லாங்குழல் வாசிப்பவள் போல ஊதினாள்.

“அம்மா, அந்த ஓட்டை எதுக்கு?”

“பொத்தாட்டில் காத்து வெளியில போயிரும் சார்.”

“ஓட்டை போட்டது யார்?”

மலர் குழலை வாயில் இருந்து எடுத்தாள். என்ன சத்தம் என்று பார்க்கத் தவம் வந்தார். குழலைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பார்த்த மனிதர் சும்மா இருந்திருக்கலாம்.

“அட... இது நான் துளைச்ச பைப் எல்லோ” என்றார், காணாமல் போன மாடு வீடு திரும்பிய சந்தோசத்தோடு.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. சார்ஜன்ட் மெதுவாகக் குழலை வாங்கிக்கொண்டார். அந்தச் சின்ன ஓட்டை, வெடிமருந்துக்கு நெருப்புப் போகிற ஓட்டை. ஊதாங்குழலுக்கு ஒருவரும் அப்படித் துளை போடுவதில்லை.

மலர் எழுந்து நின்றாள். சார்ஜன்டைப் பார்க்கவில்லை. புருசனைத்தான் பார்த்தாள்.

“ரெண்டு துவக்குச் செய்யவெண்டு ஒரு பைப்பை ரெண்டா வெட்டினீங்கள். ஒண்டை நான் எடுத்திட்டன். மற்றதையும் எடுக்கிறதுக்குள்ள நீங்கள் கொண்டுபோய்க் கட்டிப்போட்டீங்கள். அந்த வரம்பாலதான் பள்ளிக்கூடப் பிள்ளையள் போய் வாறது. எனக்கு நித்திரை வரேல்லை.”

“நான் காணேல்லை எண்டு நாள் முழுக்கத் தேடினனே. உன்னட்டையும் கேட்டனான்.”

“கேட்டனீங்கள். குசினிக்க பாருங்கோ எண்டு சொன்னனான். நீங்கள் பாக்கேல்லை.”

நான் வெடித்துவிட்டேன். அடக்க முடியவில்லை. சார்ஜன்டின் மீசை ஆடியது. றிஸ்வானா சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார், தோள் குலுங்கியது. தவம் மட்டும் சிரிக்கவில்லை. இத்தனை காலமும் அந்தக் குழல் ஊதிய நெருப்பில்தான் அவருடைய சோறு வெந்திருக்கிறது.

சிரிப்பு அடங்கிய பிறகு றிஸ்வானா மலரின் கையைப் பிடித்தார். “அக்கா, நான் இதைக் கண்டுட்டன். காணல்ல எண்டு எழுத ஏலாது.”

“எழுதுங்கோ மிஸ். நான் சொன்னதையும் சேர்த்து எழுதுங்கோ.”

குழல் ஒரு பையில் ஜீப்பில் ஏறியது. வாக்குமூலம் கொடுக்கத் தவமும் ஏறினார். ஜீப் போன பிறகு மலர் அடுப்படியில் இருந்து அழுதாள். பிணையில் அவர் வீட்டுக்கு வந்து சேரும் மட்டும் நானும் ஊருக்குத் திரும்பவில்லை.

“பேசாமல் எங்கயாவது எறிஞ்சிருக்கலாமேடி?” என்று கேட்டேன்.

“எறிஞ்சால் கண்டுபிடிச்சிடுவார் அக்கா. பற்றை, கிணறு, வாய்க்கால் எல்லாம் தேடுற ஆள். குசினிக்க மட்டும் தேட மாட்டார்.”

அழுதுகொண்டே சொன்னாள். நான் சிரித்தேன். பிறகு அவளும் சிரித்தாள்.

வழக்குத் தவணைக்கு நானும் போனேன். பின்வரிசை, வாய்க்குள் கைக்குட்டை. துவக்குகளைப் பரிசோதிக்கிற பொலிஸ் அலுவலர் சாட்சி சொன்னார்: விசை இல்லை, பிடி இல்லை, இரண்டு பக்கமும் திறந்திருக்கிறது, இன்றுள்ள நிலையில் இதனால் சுட முடியாது.

நீதவான் தவத்தைப் பார்த்தார். “இந்தக் குழாய் உங்களுடைய வீட்டில் இருந்தது உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியாது ஐயா. அது குசினிக்க இருந்தது.”

“குசினி யாருடைய வீட்டில் இருக்கிறது?”

தவம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். மன்றத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட, அமைதி காக்கச் சொல்லி ஒரு குரல் வந்தது. அடுத்து மலரைக் கூப்பிட்டார்கள்.

“சுடுவதற்காகத் துளைத்த குழாய் என்று தெரிந்துதான் வைத்திருந்தீர்களா?”

“ஓம் ஐயா. தெரிஞ்சுதான் வைச்சிருந்தனான். ஆனால் இதை வைச்சு நான் சுட்டதெல்லாம் றொட்டியும் தோசையும்தான்.”

நீதவான் தலையைக் குனிந்து எதையோ எழுதுவது போல இருந்தார். எனக்குத் தெரியும், அவர் எழுதவில்லை.

இது துவக்கு அல்ல, நிபந்தனை மீறப்படவும் இல்லை என்பது தீர்ப்பு. குழாய் மன்றத்திலேயே இருக்கட்டும் என்றார். தவத்துக்கு ஓர் எச்சரிக்கை: “துவக்கு இருக்கக்கூடாது என்ற நிபந்தனை குசினிக்கும் சேர்த்துத்தான்.”

வெளியே வந்ததும் தவம் ஒரு மரத்தடியில் குந்திவிட்டார். மலர் பக்கத்தில் போய் நின்றாள். “உனக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு, அந்த வரம்பால பிள்ளையள் போறது” என்றார். “எனக்கும் தெரியும். ஆனால் நான் பன்றியைத்தான் யோசிச்சனான்.” இரண்டு பேரும் ஒரே குடைக்குள் பஸ் ஸ்ராண்டுக்கு நடந்தார்கள். எனக்குக் குடை இல்லை. அது வேறு கதை.

கடைசியாக றிஸ்வானா வந்தபோது, இந்த முறை ஸ்கூட்டியில், தவம் தானே எழுந்தாராம். “இருங்கோ மிஸ், நான் தேத்தண்ணி ஊத்துறன்.” குசினிக்குள் போனவர் கொஞ்ச நேரத்தில் குரல் கொடுத்தாராம்:

“மலர், சீனி எங்க?”

மலர் கதிரையை விட்டு அசையவில்லை.

“தேடுங்கோ.”

தகரங்கள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடும் சத்தம் கேட்டதாம். மஞ்சள், மிளகாய், பயறு... கோழி கொத்திய அந்தக் கான்ஸ்டபிள் கூட அப்படித் தேடியிருக்க மாட்டார் என்று மலர் போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சீனி கடைசியில் அகப்பட்டது. றிஸ்வானா அந்தத் தேத்தண்ணியை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்திருக்கிறார். அரசாங்க உத்தியோகத்தில் இவ்வளவு துணிச்சலானவர்களும் இருக்கிறார்கள்.

இந்தப் பத்திரிகைப் பத்தியை வாசிக்கிற ஆண்களுக்கு ஒரு சின்ன வேண்டுகோள். இன்றைக்கு ஒரு தரம் எழுந்து உங்கள் குசினிக்குள் போய்ப் பாருங்கள்... தேடுதல் ஆணை தேவையில்லை.